தராசோடு லிஃப்ட் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

அன்று லிஃப்டுக்குள் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான். பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் என் பதினாறு வயது மகள் தர்ஷினி. பக்கத்து வீட்டு ஜமால் பாய். எட்டாவது மாடியில் கீரைக்கட்டோடு ஏறிய சீன ஆன்ட்டி. கூடவே ஒரு தராசு. அதையும் ஆள் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும் — அன்று உண்மை பேசியது அது ஒன்றுதான்.

தராசுக்கு லிஃப்டில் என்ன வேலை? சொல்கிறேன்.

தர்ஷினிக்கு ஃபிசிக்ஸ் வரவில்லை. விசையும் இயக்கமும்... ஆரம்பப் பாடம்தான். ஆரம்பமே இப்படி. இரண்டு சோதனையிலும் தாள் முழுக்கச் சிவப்பு மை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தவள் ஒரு ஃபாரத்தை நீட்டினாள். அறிவியல் வகுப்பிலிருந்து கணக்கியல் வகுப்புக்கு மாறச் சம்மதம். பெற்றோர் கையெழுத்து. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

கணக்கியல் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவள் ஆறு வயதில் ரைஸ் குக்கரைக் கழற்றிப் பார்த்தவள். (திரும்ப மாட்டியது யார் என்று கேட்காதீர்கள். யாரும் மாட்டவில்லை.) இன்றைக்கும் எந்த மெஷினைக் கண்டாலும் அதன் முதுகைத்தான் முதலில் பார்ப்பாள். அப்படிப்பட்ட பெண் ஒரு பாடத்துக்குப் பயந்து ஓடுகிறாள் என்பதுதான் எனக்குக் கவலை.

எனக்குக் கவலைப்படக் காரணமே தேவையில்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். ஆனால் இந்த ஓட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு ஓடியவள் நான். அன்றைக்கும் ஒரு தாளில் கையெழுத்துதான் கேட்டேன். என் அப்பா படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார்.

அதனால் ஒரு பேரம் பேசினேன். ஞாயிறு சாயங்காலத்துக்குள் யாரையாவது பிடித்து இந்தப் பாடத்தின் ஹோம்வொர்க்கை விளங்க வைக்கிறேன். அதற்குப் பிறகும் மண்டையில் ஏறவில்லை என்றால் கையெழுத்து.

யாரைப் பிடிப்பது? டியூஷன் சென்டரில் இடமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். யூடியூபில் ஒருவர் அழகாகத்தான் சொல்லிக்கொடுத்தார்; பாதியில் ஷாம்பூ விளம்பரம் வந்தது, அது மட்டும் எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கியது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்ஜினியராக இருக்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். படித்ததெல்லாம் மறந்துவிட்டது அத்தை, இப்போது நாள் முழுக்க மீட்டிங்தான் என்றான். பாவம், அவனும் ஓடித்தான் போயிருக்கிறான் — சம்பளத்தோடு.

கடைசியில் மிஞ்சியது நான்.

கேள்வி இதுதான். ஒருவர் லிஃப்டுக்குள் தராசின் மேல் நிற்கிறார். அறுபது கிலோ. லிஃப்ட் ஒரே வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இப்போது தராசு எவ்வளவு காட்டும்?

கூடத்தான் காட்டும், இதெல்லாம் ஒரு கேள்வியா என்றேன். தர்ஷினியும் சோதனையில் அப்படித்தான் எழுதியிருந்தாள். அதற்குத்தான் சிவப்பு மை. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை வேறு மாதிரி இருந்தது: அதே அறுபது.

"புக்கு தப்பு," என்றேன்.

"புக்கு எப்படிம்மா தப்பாகும்?"

"எழுதினவர் பதினாலாவது மாடிக்கு அரிசி மூட்டை தூக்கியிருக்காரா? நான் தூக்கியிருக்கேன். ஏற ஏற பாரம் கூடும். அது போகட்டும், ஃபாக்டரியில எட்டு வருஷம் டிராலி தள்ளினவ நான். தள்ளினா நகரும், விட்டா நிக்கும். ஒரு பொருள் போய்க்கிட்டே இருக்குன்னா யாரோ தள்ளிக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம்."

அதுவரை மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு மாதிரி வெளிச்சம். மரியாதை இல்லை அது — சண்டை.

"அப்ப பாத்துருவோம்," என்றாள்.

எங்கள் வீட்டில் இருப்பது டிஜிட்டல் தராசு. ஏறி நின்றால் ஒரு நம்பரைக் காட்டி அப்படியே உறைந்துவிடும், வேலைக்கு ஆகாது. முள் ஆடுகிற தராசு வேண்டும். லிட்டில் இந்தியாவில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே மிளகாய்த்தூளை எடை போட்டு மூட்டை கட்டுவார்; ஆள் ஏறி நிற்கலாம், அவ்வளவு பெரிய ஸ்பிரிங் தராசு. கேட்டோம். கொடுத்தார். ஆனால் தராசைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, கூடவே வந்துவிட்டார்.

லிஃப்டுக்குள் தராசை வைத்து, முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றினோம். லிஃப்ட் கிளம்பும்போது முள் லேசாகச் சிலிர்த்தது. எனக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை என்று வாக்குவாதம். பெரிய எடை வேண்டும் என்றாள் மகள். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

என் எடை அறுபத்திரண்டு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏறினேன். எழுபத்து நான்கு.

தராசு சரியில்லை என்றேன். ஜமால் பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. வருடா வருடம் முத்திரை குத்தி வாங்கும் தராசு, ஒரு கிராம் பிசகாது என்றார். பட்டனை அழுத்தினார்கள். லிஃப்ட் மேலே கிளம்பியது. முள் சடாரென்று எண்பதுக்குத் தாவியது.

"பார்த்தியா?" என்றேன் வெற்றியோடு.

ஜமால் பாய் வெளிறிப் போய்விட்டார்.

"அக்கா, வெளிய சொல்லிடாதீங்கக்கா. பாய் தராசு ஏறி எறங்குதுன்னு தெரிஞ்சா எவன்லா கடைக்கு வருவான்?"

இந்த நேரத்தில்தான் எட்டாவது மாடியில் ஆன்ட்டி ஏறினார். தராசின் மேல் நான் நிற்பதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை கிலோ என்று மட்டும் மலாயில் விசாரித்தார். தர்ஷினி, அம்மா நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், உள்ளதைச் சொன்னாள். ஆன்ட்டி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கதவு மூடியது. வழக்கம்போல் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் லிஃப்டில் போனால் எப்போதும் அப்படித்தான். மேலே தூக்கும் கம்பி அறுந்து விழுகிற லிஃப்டைக் கைப்பிடி காப்பாற்றாது என்று தெரியும். தெரிந்து என்ன பயன்?

"கம்பிய விடுங்கம்மா. பிடிச்சா உங்க வெயிட்ல பாதி அதுக்குப் போயிரும். முள்ளு தப்பாக் காட்டும்."

"விழுந்துடுவேன்டி."

"விழ மாட்டீங்க. ரெண்டு செகண்ட் மட்டும்."

விட்டேன். இந்த ஃபிளாட்டுக்கு வந்த பதினைந்து வருடத்தில் முதல் தடவை.

முள் எண்பதுக்குப் போனது. அடுத்த நொடி இறங்கி, எழுபத்து நான்கில் வந்து நின்றது. நின்றேவிட்டது. தர்ஷினி கிட்டே குனிந்து பார்த்தாள்.

"லிஃப்ட் நின்னுருச்சு," என்றேன்.

"இல்லம்மா. நம்பரைப் பாருங்க."

கதவுக்கு மேலே ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. முள் அசையவில்லை. பதினான்கு வரும் நேரத்தில் அறுபத்தெட்டுக்குச் சரிந்து, கதவு திறந்ததும் மறுபடி எழுபத்து நான்கு.

இன்னொரு தடவை என்றாள் தர்ஷினி. பிறகு இன்னொரு தடவை. கீழே, மேலே, கீழே. ஆன்ட்டியும் இறங்கவில்லை; இடையில் ஒரு நடை தானும் ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டார். எத்தனை நடை போனோம் என்று நான் எண்ணவில்லை, பிரார்த்தனையில் இருந்தேன். கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் ஆட்டம். நடுவில் ஒன்றுமே இல்லை. தர்ஷினி அதை ஜமால் பாய்க்குப் பொறுமையாக விளக்கினாள்: தராசு மேல குத்தம் இல்ல மாமா, லிஃப்ட் வேகம் மாறும்போதுதான் முள்ளு ஆடுது. அவருக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் டிராலியைப் பற்றிக் கேட்டேன். அது மட்டும் ஏன் நின்றது?

"நீங்க தள்ளினது டிராலிய இல்லம்மா. சக்கரமும் தரையும் பிடிச்சு இழுக்குதுல்ல, அதோடதான் மல்லுக்கட்டியிருக்கீங்க. அந்த உராய்வு மட்டும் இல்லன்னா, ஒரு தடவை தள்ளிட்டு நீங்க வீட்டுக்கே வந்திருக்கலாம்."

எட்டு வருடம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட். நான் வாங்கிய சம்பளமெல்லாம் உராய்வுக்கா? முதலாளிக்காவது இது தெரிந்திருக்குமா?

ஒன்று மட்டும் புரிந்தது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒன்றும் தெரியாத ஒருத்தி அடித்துப் பேசினால் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறார்கள். என்னைத் தப்பென்று நிரூபிக்க அவளுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டது. எந்த டியூஷன் சென்டரால் அம்மா தோற்கிற காட்சியைக் காட்ட முடியும்?

சாயங்காலம் ஆனது. பேரம் பேரம்தான். பேனாவை எடுத்துக்கொண்டு ஃபாரம் எங்கே என்று கேட்டேன்.

தர்ஷினி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இருங்கம்மா, இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு," என்றாள். எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள். ஒன்பது மணிக்கு ஃபாரத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் அம்புக்குறிகளாக வரைந்து, விடையை என்னிடம் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. இந்தப் பாடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசிக் கேள்வி: லிஃப்டைத் தூக்கும் கம்பி அறுந்துவிட்டால் தராசு எவ்வளவு காட்டும்? விடை: பூஜ்யம்.

"ஆளும் தராசும் ஒண்ணா விழுறாங்கம்மா. அதான் எடையே காட்டாது. அழகா இல்ல?"

அழகுதான் கண்ணே என்றேன்.

ஃபாரத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அவள் அறிவியல் வகுப்பிலேயே இருக்கிறாள். நான் திங்கட்கிழமையிலிருந்து படிக்கட்டில் போகிறேன்.