அறுபத்தெட்டு டிகிரியில் சாகாதது

கும்மிடிப்பூண்டி பவுண்டரி ஒன்றில், வார்த்த இரும்பிலிருந்து மணல் அச்சை உடைத்தெடுக்கும் வேலை என் அண்ணனுக்கு. இருமல் நிற்கவில்லை. சளியில் கிருமி இருக்கிறது, டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதமாகியும் கிருமி போகவில்லை.

மாத்திரை கொடுக்கும் இடத்து சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னால் கேட்டான்: "தண்ணி போட்டுகினு மாத்திரைய துப்பிட்றியா?"

"தெனம் முழுங்கிகினுதான் சார் கீறேன்" என்றான் அண்ணன்.

யாரும் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அன்றிலிருந்து என் எதிரிலேயே விழுங்க வைத்தேன். "வாயத் தெற. நாக்கத் தூக்கு." இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், தங்கச்சி முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

இத்தனைக்கும் தினம் ரயிலேறிச் சென்னை ஆய்வகத்துக்குப் போய் இந்தக் கிருமிகளை வளர்ப்பதுதான் என் பிழைப்பு. டிபி கிருமிக்குப் பங்காளிகள் ஏராளம். மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே சிவப்புக் குச்சி. உள்ளே இருக்கும் நொதிகள்தான் வேறு வேறு. ஊராருக்கெல்லாம் பிரித்துச் சொன்ன எனக்கு வீட்டில் புத்தி வேலை செய்யவில்லை. படித்த கழுதை.

கடைசியில் டாக்டரிடம் சண்டை போட்டு, அண்ணன் சளியை வாங்கி வளர்த்தேன். வளர்ந்ததை அறுபத்தெட்டு டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தேன். அந்தச் சூட்டில் டிபி கிருமியின் கேட்டலேஸ் நொதி செத்துவிடும். பிறகு பெராக்சைடு ஊற்றினால் நுரைக்காமல் சும்மா கிடக்கும். ஊற்றினேன். நுரை குபுகுபுவென்று குழாயில் ஏறியது.

மற்ற சோதனைகளும் அதையே சொல்லின. டிபி இல்லை. மணல் தூசி அரித்த நுரையீரலில் குடியேறும் வேறொரு பங்காளி. அண்ணன் ஒழுங்காகத்தான் விழுங்கியிருக்கிறான். அந்த மாத்திரைக்கு அது அசையவில்லை.

ரிப்போர்ட்டை சூப்பர்வைசரின் மேசைமேல் போட்டேன். "ரூல்ஸ்படிதானேம்மா குடுத்தோம்" என்று தள்ளிவிட்டான். அவனை நான்கு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன்.

டாக்டர் மாற்றி எழுதிய மாத்திரையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். "நீ பொய் சொல்லலண்ணா. கிருமியே வேற" என்றேன்.

"சரிம்மா" என்றான். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். பிறகு நான் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.