கொட்டாரத்து ரூட்டரும் கோபித்துக்கொண்ட மாமாவும்

2013-ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொட்டாரத்தில் ஒரு நிச்சயதார்த்த வீடு. வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கேபிள் இழுக்கும் வேலை எனக்கு. பெண்ணின் அண்ணன் கல்ஃபில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அவன் வீடியோவில் பார்க்கட்டும் என்றுதான் அவனுடைய விடுமுறை நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். "லைன் வந்திரும், நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தது நான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் முகம் தெரிய வேண்டிய டிவி மட்டும் கறுப்பாகவே இருந்தது. "அண்ணன் பாக்காம வெத்தல கைமாத்தக் கூடாது" என்று பெண் சொல்லிவிட்டாள்.

எங்கள் கம்பெனிக்குத் திருவட்டாறு, நெய்யூர், கொட்டாரம் என்று மூன்று இடத்தில் ரூட்டர் உண்டு. பிள்ளைகளே, ரூட்டர் என்பது, வருகிற தகவலுக்கு 'நீ இந்தப் பக்கம் போ' என்று வழி காட்டும் பெட்டி. வெளியுலகத்துக்குப் போகும் லைன் திருவட்டாறில் மட்டும்தான். அங்கிருந்து கேபிள் நெய்யூர் வழியாகக் கொட்டாரத்துக்கு வருகிறது. கொட்டாரத்துப் பெட்டி அந்த வாரம்தான் வைத்தது. சோதித்துப் பார்த்தேன். நெய்யூர் பதில் சொல்கிறது, திருவட்டாறும் பதில் சொல்கிறது. அதற்கு அப்பால் ஒன்றுமே கிடைக்கவில்லை.

திருவட்டாறு ஆபீசில் இருந்த எங்கள் இன்ஜினியர் பெண்ணுக்கு போன் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் வேறொரு சத்தம். பெண்ணின் தாய்மாமா வரமாட்டாராம். வீடு பக்கத்துத் தெருவில்தான். பெண்ணின் அப்பா மாமாவுடைய அண்ணனை அழைத்துவிட்டு, "தம்பிக்கும் சொல்லிரும்" என்று வந்துவிட்டார். அவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் மாமாவோ, "அண்ணன் சொல்லி நான் வரணுமா? அத்தான் எனக்க வீட்டுப் படி ஏறுனாரா?" என்று கேட்டுவிட்டு கட்டிலில் படுத்துவிட்டாராம்.

மாமா கதை போனில் காதில் விழ, இன்ஜினியர் சிரித்தார்.

"அண்ணே, வெளிய போற வழியத் திருவட்டாறு நெய்யூருக்குச் சொல்லிருக்கு. நெய்யூர் அதக் கொட்டாரத்துக்குச் சொல்லாது."

"ஏன், வாய் வலிக்கா?"

"ஒரே கம்பெனி ரூட்டருங்க, உள்ளுக்குள்ள ஒருத்தன்கிட்ட கேட்டத உள்ள இன்னொருத்தனுக்குச் சொல்லக்கூடாதுண்ணு சட்டம். வெளிய உள்ள வழியத் தெரிஞ்சவனே நேரச் சொல்லணும். திருவட்டாறு கொட்டாரத்துக்கிட்ட நேராப் பேசி வழி சொல்ல வைக்க நான்தான் மறந்துட்டேன்."

"அப்போ அங்கேருந்து இங்க வரை புதுக் கேபிளா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ணே. பேச்சு நேரா இருந்தாப் போதும், அது நெய்யூர் கேபிள் வழியா வந்தா என்ன?"

ஏன் இப்படி ஒரு சட்டம் என்று பிறகு கேட்டேன். கேட்டதையெல்லாம் உள்ளுக்குள்ளேயே மாற்றி மாற்றிச் சொன்னால், முதலில் சொன்னவனிடமே அது புதுச் செய்தி மாதிரி திரும்பி வருமாம். அதை நம்பி அனுப்பிய தகவல் வெளியே போகாமல் சுற்றிக்கொண்டே கிடக்குமாம். நிறைய ரூட்டர் உள்ள பெரிய கம்பெனிகளில் எல்லோரும் எல்லோரோடும் பேசுவது கஷ்டம். அங்கே ஒரு ரூட்டரிடம் மட்டும், 'கேட்டதை மற்றவர்களுக்கும் நீ சொல்லலாம்' என்று அனுமதி கொடுத்துவிடுவார்களாம்.

அன்றைக்கு போனை வைத்ததும் நான் பெண்ணின் அப்பாவிடம் போனேன். "அண்ணாச்சி, உங்க மச்சினனும் எங்க ரூட்டரும் ஒரே ஜாதகம். நீங்களே நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஒனக்க டிவி தெரியல்ல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான். போடே!" என்று கத்தினார். ஆனாலும் வெற்றிலையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் இரண்டு பெட்டியையும் நேராகப் பேச வைத்துவிட, டிவி பளிச்சென்றது. திரை நிறைய அண்ணனின் முகம்! பெண் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மாமாவ எங்க காணல்ல?"

"இஞ்ச நிக்கேம்லே!" வாசலில் இருந்து மாமாவின் குரல். "ஒனக்க அப்பனுக்கு இப்பத்தான் எனக்க வீட்டுக்கு வழி தெரிஞ்சிருக்கு!"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. மாமா முன்னால் உட்கார, வெற்றிலை கைமாறியது.

இப்போதும் ஒரு வீட்டில் ரூட்டர் பொருத்திப் பச்சை விளக்கு எரிந்ததும், நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டியதை யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கிறேனா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.