நான்தான்

செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி, ஒரு காவல் நிலையத்தில் என்னை அடித்து நொறுக்கினார்கள். “நாந்தான் எடுத்தேன்னு சொல்லுடா!” அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. நான் சொல்லவேயில்லை. எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

பல வருஷம் கடலூர் கோர்ட்டுக்கு பஸ்ஸில் அலைந்தேன். போன மாதம் தீர்ப்பு வந்தது: அடித்தவர்கள் குற்றவாளிகள், எனக்கு அரசு இழப்பீடு தர வேண்டும். கோர்ட்டை விட்டு வந்து மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறும்போதே வீட்டுக்குப் போன் போட்டுவிட்டேன். சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், மனைவியின் அண்ணன் சரவெடியை நீளமாக விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“கொளுத்தட்டுமா மாப்ளே?”

தீபாவளிக்கு மிஞ்சிய வெடி, நமத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். தெருவே அதிர்ந்தது. மனைவி காதைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

புகை அடங்குவதற்குள் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து நின்றார். “யாருங்க இங்க வெடி போட்டது?”

மச்சான் மெல்ல என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார். காக்கியைக் கண்டாலே எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறவன் நான். அன்று முன்னால் போய் நின்றேன்.

“நாந்தான் சார்.”

அத்தனை அடிக்கும் கொடுக்காத வார்த்தையை, மரியாதையாகக் கேட்டதும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். அதுவும் முழுப் பொய்.