பூங்கா இடத்தில் நான் போட்ட வேலி

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அன்னவாசலின் ஓரத்தில் ஒரு மனை வாங்கினேன். இடத்தை நான் நேரில் பார்க்கவில்லை. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்ரூவல் ஆன மனைதாங்க, ரோடெல்லாம் அகலமா விட்டிருக்காங்க" என்று போனில் சொன்னாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மெயின் ரோட்டுக்குப் பக்கம் என்பதுதான் பிடித்திருந்தது.

வீட்டைக் கட்டி முடித்து, ஒருவழியாக வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். வீட்டுக்குக் கிழக்கே ஒரு பெரிய காலியிடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. யாருடையது என்று விசாரித்தேன். "பொது எடம்" என்றார்கள். பொது என்றால் யாருடையதும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ஜேசிபி வைத்து முள்ளை அகற்றினேன். கல்லுக்கால் நட்டு, கம்பி வேலி போட்டு, உள்ளே தென்னங்கன்று வைத்தேன். ஓரமாகக் காருக்கு ஒரு தகரக் கொட்டகை. தப்பு செய்கிறோம் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினேன்.

அந்த இடத்துக்கு அங்கிட்டு ஒரு பின் தெரு. மனைகள் விற்றபோது கடைசியாகப் போன பகுதி அது. அங்கே குடிவந்தவர்களில் ஒரு பெண், அரசுப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். ஆவூர்ப் பக்கத்துக்காரர், கணவர் மலேசியாவில். ஒருநாள் காலையில் கையில் ஒரு ஜெராக்ஸ் தாளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, இது நம்ம மனையோட வரைபடம். நீங்க வேலி போட்ட எடம் பார்க்குன்னு போட்டிருக்கு. அதுக்கு நடுவுல எங்க தெருவுக்குப் பாதையும் போட்டிருக்கு. இப்ப நாங்க பஸ்ஸுக்குப் போறதுக்கு சுத்திக்கிட்டுப் போறோம்."

தாளை வாங்கிப் பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. "தாள்ல ஆயிரம் போட்டிருப்பாங்கம்மா. இது காடாக் கெடந்தப்ப நீங்கள்லாம் எங்கிட்டுப் போயிருந்தீங்க?"

"காடாக் கெடந்தப்பவும் அது வழியாத்தாண்ணே நடந்தோம். வேலி போட்டப்பறந்தான் நடக்க முடியல."

எனக்குக் கோபம் வந்தது. "முடிஞ்சதப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் முடிந்ததைப் பார்த்தார். புதுக்கோட்டைக்குப் போய், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் என் மீது மனு கொடுத்துவிட்டார். சில வாரங்களில் எனக்குக் கடிதம் வந்தது, பத்திரத்தோடு விசாரணைக்கு வரச்சொல்லி. என் மனைவி அழுதாள். "ஒரே ஊருல இருந்துக்கிட்டு, இப்படியா அதிகாரிகிட்டப் போய் நிப்பாங்க" என்றாள். அந்தப் பெண்ணின் வீட்டு ஆட்களோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள்.

விசாரித்தது நகரமைப்புப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி. என்னைவிட வயதில் சிறியவர். நான் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவர் மேசையில் பெரிய வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு முனையில் என் பத்திரத்தையே வைத்தார்.

"மனை பிரிக்கிறப்பவே ரோட்டுக்கும் பார்க்குக்கும் எடம் ஒதுக்கிப் பேரூராட்சிக்கு எழுதிக் குடுத்தாத்தான் சார் அப்ரூவல் குடுப்போம். இன்னைக்கு அங்க கொஞ்சம் வீடுதான். நாளைக்குத் தெரு முழுக்க வீடு வந்துரும். அப்ப எடம் வேணும்னா யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"சும்மா கெடந்த எடத்தத்தாங்க சுத்தம் பண்ணுனேன்" என்றேன்.

அவர் வரைபடத்திலிருந்து நிமிர்ந்தார். "சிங்கப்பூர்ல இருந்தீங்கன்னு மனுவுல எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை லீவுல எங்க சார் போய் உக்காருவீங்க?"

குத்திக்காட்டிக் கேட்டதுபோல் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது. நான் ஏதோ முனகிவிட்டு வெளியே வந்தேன்.

பைக்கில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் தங்கியிருந்த அறையில் கால் நீட்டினால் அடுத்தவன் கட்டிலில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு புல்தரைக்குப் போவோம். அங்கே ஒரு மரத்தடியில் படுத்துக்கொண்டுதான் மனைவியோடு வீடியோவில் பேசுவேன். என் மகள் முதன்முதலாகத் தவழ்ந்ததை அங்கிருந்துதான் பார்த்தேன். நீ யார், இங்கே எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இவ்வளவு இடத்தைக் கட்டாமல் விட வேண்டும் என்று யாரோ ஒருவர் முன்னரே கோடு போட்டு வைத்திருக்கிறார். அந்த இடத்தில் அத்தனை வருடம் படுத்துவிட்டு வந்தவன், ஊருக்கு வந்ததும் கல்லுக்கால் நட்டிருக்கிறேன்.

வேலியை எடுக்க அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை. மறுநாளே கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தேன். வெயில் ஏறும் முன் பின் தெருவிலிருந்து நாலைந்து பேர் கடப்பாரையோடு வந்தார்கள். முன்னால் அந்தப் பெண். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தென்னங்கன்னப் புடுங்கிறாதீங்கண்ணே" என்றார். "ஆபீஸ் மேடத்துக்கிட்டப் போன்ல கேட்டுட்டேன். பாதையில நிக்கிறத மட்டும் ஓரத்துல மாத்தி வச்சாப் போதுமாம். நாங்க குழி வெட்டுறோம், நீங்க வேரு அறுபடாம எடுத்துக் குடுங்க."

அன்று மத்தியானம் வரை சேர்ந்து வேலை செய்தோம், கார் கொட்டகையையும் பிரித்தோம். வேலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் என் மனைவி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவரிடமும் நீட்டினாள். "குடிங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வருடம் பேரூராட்சி அங்கே பாதைக்குக் கல் பாவியது, விளக்குப் போட்டது. வரைபடத்தில் பொதுக் கட்டடத்துக்கென்று விட்டிருந்த ஒரு மூலையில் அங்கன்வாடி வந்தது. பின் தெரு முழுக்க இப்போது வீடுகள். சாயங்காலம் என் வாசலில் உட்கார்ந்தால் எத்தனை பேர் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த புதிதில் எனக்கு இந்த ஊரில் பேச ஆளே கிடையாது.

போன வருடம் பின் தெருவை ஒட்டி ஒருவர் கிரானைட் அறுக்கும் பட்டறை போட இடம் பார்த்தார். இந்த முறை வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து போனோம். அது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய பகுதி, அங்கே அனுமதி இல்லை என்று அதே அதிகாரி தெளிவாகச் சொன்னார். பட்டறைக்காரருக்கும் தொழிலுக்கென்று இருக்கிற பகுதியில் இடம் அமைந்தது. அவருக்கும் எங்கள் மேல் வருத்தமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், வெகுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நீ மனு குடுத்தது நல்லதாப் போச்சும்மா. இல்லைன்னா நான் அந்த வேலிக்குள்ளேயே கெடந்திருப்பேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். "அன்னைக்கு எனக்கும் பயந்தாண்ணே. வீட்டுக்காரரும் இங்க இல்ல. ஒங்களப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு ஒரு ஆத்திர அவசரத்துக்கு யாரு வருவாங்கன்னு நெனச்சேன். பாதி வழியில எறங்கித் திரும்பிரலாமான்னுகூட இருந்துச்சு."

"அப்பறம் ஏன் எறங்கல?"

"டிக்கெட் எடுத்துட்டேன்ல" என்றார்.

அவர் இறங்காமல் போனதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.