துரைப் பெட்டியில் ஏழு கத்திகள்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. கறுப்புத் தோல் போர்த்தியது. திறந்தால், ஊதா வெல்வெட்டின் மேல் யாரோ ஒரு கனவானின் காலைப்பொழுது அப்படியே படுத்திருக்கும்: வெள்ளி மூடியிட்ட குப்பிகள், தந்தப் பிடி போட்ட பிரஷ், ஆமையோட்டுச் சீப்பு, நகக் கத்தரி, பிறகு ஏழு மடக்குச் சவரக்கத்திகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆங்கிலத்தில் ஒரு கிழமை. ஞாயிறு முதல் சனி வரை. ஒரு நாள் உழைத்த கத்தி ஆறு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தானே ஒரு கொல்லன், அவன் முகம் தெரியாமலே அவனிடம் மனத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இதற்குப் பெயர் துரைப் பெட்டி. என் மாமனாரின் அப்பா வைத்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டையில் குமாஸ்தாவாக இருந்தவர். மாமனாருக்கு மூன்று வயதாகும்போது போய்விட்டார். ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவர் இறந்த வாரமே அவர் மனைவி பெட்டியை டிரங்குக்குள் வைத்துப் பூட்டினாள். தான் இருந்தவரை யாரையும் தொட விடவில்லை.

போன தை மாதம், மாமனாரின் பெரியப்பா பிள்ளை அடையாறிலிருந்து வந்திருந்தார். தொண்ணூறை நெருங்குபவர், குரல் மட்டும் நாற்பதிலேயே நிற்கிறது. பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னும் இதைக் கட்டிண்டு அழறயா? சித்தப்பா மூர் மார்க்கெட்டுல பழைய சாமானா, ஷோவுக்கு வாங்கினதுடா இது. அவராவது, தானே ஷேவ் பண்ணிக்கறதாவது! கொல்லப்பக்கம் ஆள் வருவான், இவர் முக்காலியில உட்காருவார். நான் கண்ணால பார்த்திருக்கேன். உனக்கென்ன தெரியும், தவழ்ந்துண்டு இருந்தே.”

மாமனார் காபியைத் தொடவில்லை. டம்ளரில் ஆடை கட்டியது. அந்த அண்ணா போன பிறகு மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

“அப்பா கை பட்ட சாமான்னு நேக்கு இருக்கறது இது ஒண்ணுதான்மா. படலைன்னா படலைன்னு தெரிஞ்சுண்டுடறேன். நீதான் எதையாவது நோண்டிண்டே இருப்பியே, இதை நோண்டேன்.”

நோண்டினேன். ஆனால் போனதோ வேறு திசை. குப்பி மூடிகளில் கொடிபோல் பின்னிய மூன்று ஆங்கில எழுத்துகள். மாடவீதிப் பக்கம் வெள்ளிக்கடைக்காரர் ஒருவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மூடியின் விளிம்பில் கடுகளவு சிங்கம் ஒன்றைக் காட்டினார். இங்கிலாந்து முத்திரை, சீமை வெள்ளி என்றார். அந்தச் சிங்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன். யார் அந்தத் துரை, எந்தக் கப்பலில் வந்தான், எந்த வெயிலில் வியர்த்தான்? தினமும் சாப்பாட்டு வேளையில் புதிது புதிதாகச் சொன்னேன்.

மாமனார் ஒரு நாள் மோரைப் பிசைந்தபடி கேட்டார்: “அவன் யாரா இருந்தா நேக்கென்னம்மா?”

சுருக்கென்றது. கேள்வி மயிலாப்பூரில் உட்கார்ந்திருக்க, நான் லண்டனில் தேடிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் முடிவெட்டிக்கொள்வது தி. நகரில் ஒரு சலூனில். அதன் சொந்தக்காரருக்குப் பழைய கத்திகள் என்றால் பைத்தியம் என்று அவர்தான் சொன்னார். சலூன்காரர் எங்களைக் கடைக்கு லீவு நாளில் வரச் சொல்லியிருந்தார். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. மாமனாரைக் கைபிடித்துக் குனிய வைத்து உள்ளே கூட்டிப் போனேன்.

“பாத்து சார், மண்டைய இடிச்சிக்காதீங்க. இன்னாம்மா இது, கல்யாண நகையா?”

வெள்ளைத் துண்டை விரித்து, கத்திகளைக் கிழமை வரிசையில் வைத்தார். ஒவ்வொன்றாகத் திறந்து, அலகின் அகலத்தை நகத்தால் அளந்தார். தூங்கும் குழந்தையின் காதைத் தொடுவதுபோல அத்தனை மெதுவாகத் தொட்டார்.

“கத்தியும் சோப்பு மாரிதாம்மா. தீட்டத் தீட்டத் தேஞ்சிக்கினே போவும். இத பாரு, அஞ்சு பாதியா எளச்சிப் போச்சி. ரெண்டு மட்டும் இன்னா இப்டி குண்டா கீது?”

முதுகைத் திருப்பிப் படித்தார். டியூஸ்டே. ஃப்ரைடே. ஒரு கணம் பாதி அடைத்திருந்த தன் ஷட்டரையே பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“செவ்வா, வெள்ளி! எந்த வெள்ளக்காரன் சார் செவ்வா வெள்ளி பாத்து செரைச்சான்?”

எனக்குப் புரிந்துவிட்டது. மாமனாருக்கு இன்னும் பிடிபடவில்லை. சலூன்காரர் நிதானமாக விளக்கினார். அந்த இரண்டும்கூடக் கொஞ்சம் தீட்டித் தேய்ந்தவைதான். முதலில் துரை ஏழு கத்தியையும் சமமாகப் பயன்படுத்தியிருக்கிறான், அது சில வருஷம். அப்புறம் வந்தவர் செவ்வாயும் வெள்ளியும் முகத்தில் கத்தி வைக்காத வீட்டுக்காரர். “இவ்ளோ தேயணும்னா பாஞ்சு இருவது வருசம். சும்மா ஷோவுக்கு வச்சிக்கினு இருந்தா இப்டி ஆவாது.”

“அப்போ… அப்பாதானா?”

“அவருக்கப்பறம் வூட்ல வேற யாருனா எடுத்தாங்களா?”

“இல்லையே. அம்மா பூட்டிட்டாளே.”

“அப்பறம் இன்னா சார்? அவரேதான்.”

நான் பார்த்தேயிராத அந்த மனிதரை அப்போது பார்த்தேன். விடிகாலை, பித்தளைச் சொம்பு, ஜன்னல் வெளிச்சம். கிழமையை ஆங்கிலத்தில் படித்துச் சரியான கத்தியை எடுக்கிறார். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும் பெட்டியைத் திறப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆசாரத்துக்கு, ஐந்து நாள் தனக்கு. எவ்வளவு அழகான ஒப்பந்தம்!

மாமனார் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “இதால நேக்கு ஒரு ஷேவ் பண்ணிவிடறயா?”

“இன்னிக்கா? இன்னிக்கி செவ்வா சார். உங்க நைனாவே தொட்டுக்க மாட்டாரு. நாளிக்கி வா, புதன் கத்திய ரெடி பண்ணி வைக்கிறேன்.”

மறுநாள் நுரைக்குள் கண்ணை மூடிக் கிடந்தார் மாமனார். அந்த மெல்லிய அலகு கழுத்தில் இறங்கியபோது ஒரு ரோமம் எதிர்க்கும் ஓசைகூட இல்லை. வெளியே வந்ததும் மயிலாப்பூருக்கு என்று நான் பேசிய ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அடையாறு விடுப்பா” என்றார்.

மாமனாரின் அண்ணா கதவைத் திறந்தார். வா என்று சொல்வதற்குள் மாமனார் முகத்தை நீட்டினார்.

“தொட்டுப் பாரு.”

“என்னடா ஆச்சு உனக்கு?”

“முதல்ல தொட்டுப் பாரேன். அப்பாவோட கத்தி. புதன்கிழமைக் கத்தி. அவரே தீட்டித் தீட்டித் தேஞ்சது.”

அண்ணா தம்பியின் கன்னத்தைத் தொட்டார். மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை. நான் கத்திகளின் கதையைச் சொல்லி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“அப்போ கொல்லைல வந்தவன்,” என்றார் யோசித்தபடி, “தலைமுடி வெட்டத்தான் வந்தானோ?”