வித்வான் முனுசாமியும் வில்பிரட் மாஸ்டர் பாண்டும்

ஊரே ஆடும்போது தான் மட்டும் ஆடாமல் நிற்கவேண்டிய தொழில் டான்ஸ் பாண்டு. கல்யாணத்தில் சமைக்கிறவராகவோ போட்டோ பிடிக்கிறவராகவோ இருந்து, அடுத்தவர் சந்தோஷத்துக்கு நடுவில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது பாதியிலேயே புரிந்துவிடும்.

நாற்பத்தேழில் வெள்ளைக்காரப் பட்டாளம் பெங்களூர் கண்டோன்மென்டை விட்டுப் போனபோது, அதன் மெஸ் பாண்டில் இருந்த நான் வேலையில்லாமல் ஜீவனஹள்ளி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் காக்ஸ் டவுன் வில்பிரட் மாஸ்டர் ஏழு பேரைச் சேர்த்து ஒரு ஜாஸ் பாண்டு தொடங்கினார். ஆங்கிலோ இந்தியர். டிரம்பெட் வாசிப்பார், மெட்டும் தானே போடுவார். எனக்கு டபுள் பேஸைக் கொடுத்தார். பிடிலை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்து நிறுத்தினால் எப்படி இருக்கும், அதுதான் டபுள் பேஸ். அதைக் கட்டிப்பிடித்தபடி அவரோடு பதினாலு வருஷம் நின்றேன்.

ஜட்காவில் படுத்திருந்தவர்

வாத்தியத்துக்கு உறை இல்லை. என் அம்மா ஒரு கறுப்புத் துணியைச் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். அதை ஜட்காவில் நீளவாக்கில் படுக்கவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்து, நழுவிவிடாமல் மேலே கையைப் போட்டுக்கொள்வேன். கழுத்துப் பாகம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக, வாசிக்கவேண்டிய பாட்டை யோசித்தபடி முகத்தைத் தொங்கப்போட்டிருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் கோயில் முனையில் வண்டி நின்றது. ஒரு பெரியவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றார்கள். நான் ஏதாவது சொல்வதற்குள் பூக்கார அம்மா ஒரு கை சாமந்தியை அள்ளித் துணிமேல் போட்டுவிட்டார். வண்டி நகர்ந்த பிறகு அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: "பாவம், நல்ல உசரமான ஆளுபோல."

டோனி வேல்

ஒரு ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டீ டான்ஸ் ஏற்பாடானது. நோட்டீஸ் அடிக்க மேனேஜர் எங்கள் பெயர்களை வாங்கினார். தங்கவேலு என்ற என் பெயரில் வந்ததும் பேனா நின்றது. அந்த ஓட்டலுக்கு வருகிறவர்கள் வாயில் அது நுழையாது, டோனி வேல் என்று போட்டுவிடலாம் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்தேயிருந்தது. டோனி வேலுக்கு ஜீவனஹள்ளி கிடையாது, எந்தத் தெரு என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் தலையாட்டத் தயாராக இருந்தேன். மாஸ்டர்தான் மேனேஜர் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, டோனி வேலை அடித்துவிட்டுத் தங்கவேலு என்று எழுதினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஸ்டேஜ்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேருன்னா, தப்பா வாசிக்கும்போது நான் யாரைத் திட்றது மேன்?"

அடுகோடி முனையில்

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் முனுசாமி. சாவு ஊர்வலங்களில் தமட்டை அடிப்பவர். இரண்டு சாண் அகலத்துக்குத் தோல் கட்டிய வட்டத்தை இடுப்பில் சாய்த்து, இரண்டு குச்சிகளால் அடித்துக்கொண்டே பிணத்துக்கு முன்னால் நடப்பார். பாண்டில் யாரோ கேட்டபோது, அப்பா மில்லில் வேலை பார்க்கிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். சொன்னதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். தமட்டை அடிக்கிறவர் மகன் என்றால், டம்ளரைத் தனியாக வைக்கிற வீடுகள் அப்போது நிறைய.

மாஸ்டரின் டிரம்பெட்டில் ஒரு வால்வு ஒட்டிக்கொண்டது. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருந்தோம். ஒரு சாவு வந்தது. நாலு தமட்டை, நடுவில் அப்பா. நான் சட்டென்று திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தும், பார்க்காதவர்போல் அடித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார். மாஸ்டரோ ஊர்வலத்தின் பின்னாலேயே தெருமுனைவரை போய், சிகரெட் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சியில் ஒரு புது மெட்டு வாசித்துக் காட்டினார். 'ஜீவனஹள்ளி ஸ்டாம்ப்' என்று பெயர் வைத்திருந்தார். ஸ்டாம்ப் என்றால் காலை ஓங்கி மிதித்து ஆடுகிற ஜாஸ் மெட்டு. அதன் அடி எங்கள் டிரம்காரருக்குப் பிடிபடவே இல்லை. எல்லோரும் போகும்வரை காத்திருந்து மாஸ்டர் என்னிடம் வந்தார். "நடுவுல அடிச்சவர் உன்ன மாதிரியே இடது தோளைத் தூக்கறார். ரெக்கார்டிங்குக்கு அவர் வேணும். மில்லுல லீவு கிடைக்குமான்னு கேட்டுப் பாரு."

எந்த மில்லு

வீட்டுக்குப் போய் அப்பா எதிரில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்து நின்றதைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடியிருந்தேன். கடைசியில் மாஸ்டர் கூப்பிடுவதை மட்டும் சொன்னேன். மில் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று.

அவர் தமட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "எந்த மில்லுன்னு சொல்லி வச்சிருக்க? கேட்டா நான் மாத்திச் சொல்லிடக் கூடாதில்ல."

கிணற்றடி நெருப்பு

மெட்ராஸில் ஒரு கிராமபோன் கம்பெனியின் பங்களாவில் பதிவு. மெழுகுத் தட்டில் ஊசி கீறும் காலம். ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான். நடுவில் யார் இருமினாலும் தட்டு வீண். முதல் முறை அப்பா ஓங்கி ஒரு அடி அடித்ததும் ஊசி துள்ளிவிட்டது. அவரை வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கிருந்து மாஸ்டர் தெரியமாட்டார். நான் பேஸோடு வாசற்படியில் நின்று, மாஸ்டர் காட்டும் சைகையைத் தலையசைப்பில் அப்பாவுக்குக் கடத்தவேண்டும் என்று முடிவானது.

அதற்குள் தமட்டைத் தோல் தொய்ந்துவிட்டது. நெருப்பில் காட்டினால்தான் விறைக்கும். கிணற்றடியில் பழைய பேப்பரைக் கொளுத்தினோம். காவல்காரர் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார். மாஸ்டர் அவரிடம் பணிவாகப் பேசிச் சமாதானப்படுத்தினார். பிறகு தன் நோட்டிலிருந்து பழைய மெட்டுகளை ஒவ்வொரு தாளாகக் கிழித்துத் தீயில் போட்டார். தடுக்கப்போன என்னிடம், எல்லாம் சுமார்தான் என்றார்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து வாசித்தோம். மூன்று நிமிஷமும் நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தலையசைக்க மறந்துவிட்டேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் அப்பா தனியாக நாலு அடி அடித்தார். அந்த நாலு அடி இருக்கட்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டதால் ரெக்கார்டில் அப்படியே இருக்கிறது. அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொணம் இல்லாம அடிச்சது இதான் மொதல் தடவ. எங்க நிறுத்தறதுன்னே தெரியல."

எந்தக் காலை

ரெக்கார்டு வந்த வாரமே ஒரு கிளப்பில் அதை வாசித்தோம். ஆட எழுந்த ஜோடிகள் நாலைந்து தப்படி வைத்துவிட்டு அங்கங்கே நின்றார்கள். கிளப் செயலாளர், ஓய்வுபெற்ற கர்னல், மேடைக்கே வந்துவிட்டார். பட்டாளத் தமிழில், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்: "மாஸ்டர், இதுக்கு எந்தக் காலை முன்னாடி வைக்கணும்?"

லேபிள்

எங்கள் தெருவில் கிராமபோன் கிடையாது. மாஸ்டர் தன்னுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலையில் வந்துவிட்டார். தெருவே கூடியது. அப்பா முன்னால் வராமல் கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் தட்டைச் சுழலவிட்டார். முடிந்ததும் திரும்ப வை என்றார்கள். ஐந்து முறை வைத்தோம்.

லேபிளைப் படிக்கச் சொல்லி மாஸ்டர் தட்டை என்னிடம் நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே அப்பா பெயரும் இருந்தது. தமட்டைக்காரரை என்னவென்று போடுவது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லைபோலிருக்கிறது. வழக்கமாகப் போடும் பட்டத்தையே போட்டிருந்தார்கள். 'வித்வான் முனுசாமி' என்று உரக்கப் படித்தேன். என் அப்பா என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா பின்னாலிருந்து விசாரித்தார்: "அது யாருடா? அவரையும் வரச் சொல்லியிருந்தீங்களா, நான் பாக்கவே இல்லையே."

கண்டோன்மென்ட் ஸ்டேஷன்

அதற்குப் பிறகு எட்டு ரெக்கார்டு போட்டோம். அறுபதாம் வருஷம் வந்ததும் காக்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியர்கள் வெளிநாடு போக வீடு வீடாகப் பெட்டி கட்டினார்கள். மாஸ்டரின் மகள்கள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். அவரும் ஒரு வருஷம் போகலாமா வேண்டாமா என்றிருந்துவிட்டுக் கடைசியில் கிளம்பினார்.

பிளாட்பாரத்திலேயே வாசித்து அனுப்புவது என்று நாங்கள் வாத்தியங்களோடு காலையிலேயே போய் நின்றோம். ரயில் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பாதிப் பாட்டில் விசில் ஊதிவிட்டது. மாஸ்டர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். கையைக் காட்டி என்னை அருகே கூப்பிட்டார். பெட்டி நகர ஆரம்பித்தது. கடைசியாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் பேஸைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி கூடவே போனேன். தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "தங்கா, உன் ஜி ஸ்ட்ரிங் இறங்கியிருக்கு."

பதினாலு வருஷ வேலைக்கு எனக்குக் கிடைத்த பிரிவுபசாரம் அவ்வளவுதான், ஆனால் அந்த ஜி தந்தி சுருதி இறங்கித்தான் இருந்தது.