என்னை ஐயராக்கப் பார்த்த மாலை

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு மாசி மாதம், கற்பிட்டிக் கடற்கரையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் புத்தளத்தைச் சேர்ந்த முஸ்லிம். சுற்றுலாக்காரர்களுக்கு வான் ஓட்டுகிறேன். அந்த நாட்களில் கற்பிட்டிப் பக்கத்து ஆடம்பர ஹொட்டல் ஒன்றுக்குத்தான் என் ஓட்டம் எல்லாம். ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் குழுவாக வருவார்கள். வில்பத்துவில் சிறுத்தை, கடலில் டொல்பின், ஒரு விகாரை, ஒரு கோவில். இதற்கு ஹொட்டல்காரர்கள் வைத்த பெயர் 'காடும் கலாசாரமும்'. புத்தளம் டவுனைத் தாண்டும்போது எங்கள் பள்ளிவாசல் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போகும், யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. அது போகட்டும், அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை.

அந்த மாசியில் வந்த குழுவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். எப்போதும் முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவார். வில்பத்துவிலிருந்து திரும்பும்போது, பின்னால் எல்லோரும் சிறுத்தைப் படங்களை ஆளுக்காள் காட்டிக்கொண்டிருக்க, இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவராகவே சொன்னார். இந்தப் பயணத்துக்குக் கணவரும் அவரும் சேர்ந்துதான் ஆயத்தமானார்களாம். புறப்படுவதற்குள் கணவர் மௌத்தாகி, இவர் விதவையாகிவிட்டார். கடைசி மாலை கடற்கரையில் ஐயர் வந்து பூசை செய்வார் என்று ஹொட்டல் விளம்பரத்தில் இருந்ததாம். அந்தப் பூசையில் கணவரின் பெயரையும் சொல்லும்படி கேட்க வேண்டும், அதற்காகவே தனியாக வந்தேன் என்றார்.

அந்தக் கடைசி நாள் பின்னேரம் மனேஜர் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு வெள்ளை வேட்டியும் திருநீற்றுப் பொட்டலமும் இருந்தன. வழமையாக வரும் ஐயரால் அன்று வர முடியவில்லையாம். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் 'நானா' என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்கினார்.

"நானா, நீங்க நல்ல உசரம், தாடியும் இருக்கு. இதைக் கட்டிக்கிட்டு சூடம் கொளுத்தி ரெண்டு வார்த்தை முணுமுணுத்தாப் போதும். இவங்களுக்கு என்ன வெளங்கப் போகுது?"

பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மனிதர் சிரிக்கவேயில்லை.

"ஏலாது சேர்," என்றேன். "நான் அஞ்சு நேரம் தொழுறவன். அத விடுங்க, அது இந்துக்கள்ட சாமி. அத வச்சி கூத்தாட நாம யாரு? அந்த அம்மா மரிச்ச புருசனுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

அப்படியானால் அடுத்த குழுவிலிருந்து ஓட்டத்துக்கு வேறு வான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த ஹொட்டலை விட்டால் அப்போது எனக்குப் பிழைப்பு இல்லை. ஆனாலும் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. ஒரு சமயத்தை வேட்டி மாற்றுவது போல மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்களே, இவர்களெல்லாம் என்ன மனிதர்கள்?

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், ஹொட்டலின் தோட்டக்காரர் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு சுவரோரம் குந்தியிருந்தார். என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம். அவரும் பிள்ளை குட்டிக்காரர், அவரை என்ன சொல்ல?

நேரே கடற்கரைக்குப் போனேன். கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்த அம்மா முதலாவது கதிரையில் இருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்: இன்றைக்கு ஐயர் இல்லை, வரப்போகிறவர் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்படியானால் அவருடைய பெயரை யார் சொல்வது?"

அவர் எழுந்து மனேஜரிடம் போனார். என்ன பேசினாரோ, காற்று அதிகம் என்பதால் பூசை இல்லை என்று மனேஜர் எல்லோருக்கும் அறிவித்தார். அங்கே ஒரு தென்னோலைகூட அசையவில்லை.

மறுநாள் காலை கொழும்புக்குப் புறப்பட்டோம். சிலாபத்துக்குப் பக்கத்தில் ஒரு கோவிலில் இறங்கிப் படம் எடுப்பது திட்டத்தில் இருந்தது. படம் எடுக்க மட்டும்தான். மற்றவர்கள் கோபுரத்தை எடுத்துக்கொண்டிருக்க, நான் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாசல் வரை போய், நின்றபடியே ஐயரிடம் விஷயத்தைச் சொன்னேன். இறந்தவர்களுக்குச் செய்யும் மோட்ச அர்ச்சனையைச் செய்யலாம் என்றார்.

"உள்ள வாங்கோ தம்பி. நீங்கள் இல்லாட்டி இந்த அம்மா சொல்றது எனக்கு விளங்காது."

"நான் முஸ்லிம், ஐயா. இங்கயே நிக்கிறன்."

"அப்ப நில்லுங்கோ, நான் வாறன்," என்று தட்டோடு அவரே வாசலுக்கு வந்தார். நட்சத்திரம் தெரியாது என்றதும் பரவாயில்லை என்றார். பெயர்தான் அவர் வாயில் நுழையவில்லை. அந்த அம்மா சொல்ல, நான் பிரித்துப் பிரித்துச் சொல்ல, ஐயர் பிழையாகச் சொல்லித் திரும்பக் கேட்டார். பிழையாகச் சொல்லக் கூடாதென்று அவருக்கு அவ்வளவு பிடிவாதம். சரியாக வந்த பிறகுதான் உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயர் பிசகாமல் கேட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதன்பிறகு அந்த ஹொட்டல் என்னைக் கூப்பிடவில்லை. போன மாதம் அவர்களுடைய விளம்பரம் ஒன்று என் போனில் வந்தது. கடற்கரை, சூடம், அதே வேட்டியில் அதே தோட்டக்காரர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் பெயரைப் பிழையில்லாமல் சொல்ல அந்த ஐயர் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவன் நான், அதனால் நாளைக்கே அந்த வேட்டியை யார் கொண்டுவந்து நீட்டினாலும் என்னிடம் இருப்பது அந்த ஒரே வார்த்தைதான்: ஏலாது.